படியளந்த கணக்கில் பிறந்த எழுத்து: சுமேரியர் வாழ்க்கைக்கு ஓர் எளிய அறிமுகம்

ஓலைச்சுவடிக்குக் கரையானும் எதிரி, தீயும் எதிரி. பரணில் கிடந்த எத்தனையோ சுவடிகள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. ஈரக் களிமண்ணில் எழுதிக் காயவைத்த பலகை வேறு மாதிரி. கரையான் அதைச் சீண்டாது. ஊரே பற்றி எரிந்தாலும், சூளையில் வைத்த செங்கல்லைப் போல வெந்து முன்னைவிடக் கெட்டியாகிவிடும். இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் வாழ்ந்த சுமேரியர்கள் களிமண்ணில்தான் எழுதினார்கள். அதனால் அந்த ஊர்களைப் பற்றி நமக்கு அரசர் பெயர்களுக்கு மேல் நிறையத் தெரிகிறது. யாருக்கு எத்தனை படி தானியம் அளந்தார்கள், எந்தப் பையன் பள்ளியில் அடி வாங்கினான், எந்த வியாபாரி மட்டச் சரக்கைத் தலையில் கட்டினான் என்பதுவரை தெரிகிறது.

தொடக்ககால நாகரிகம் என்றதும் பலருக்கும் கோபுரமும் தங்கமும்தான் நினைவுக்கு வரும். அவற்றைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுத் தானியத்திலிருந்து தொடங்கலாம். அப்படிப் பார்த்தால்தான் விஷயம் சட்டென்று பிடிபடும்.

ஒரு சிற்றூரில் எல்லாரும் உழுகிறார்கள், எல்லாரும் சாப்பிடுகிறார்கள். அங்கே கணக்கு வேண்டியதில்லை. விளைச்சல் மிஞ்சத் தொடங்கியதும் நிலை மாறுகிறது. ஒருவர் பானை மட்டும் வனைகிறார், ஒருவர் நெய்கிறார், ஒருவர் கோயிலில் பூசை செய்கிறார், ஒருவர் செம்பை உருக்குகிறார். இவர்கள் யாரும் வயலில் இறங்குவதில்லை. ஆனால் எல்லாருக்கும் தினமும் சோறு வேண்டும். அந்தத் தானியத்தை யார் வசூலிப்பது, எங்கே சேர்த்து வைப்பது, யாருக்கு எவ்வளவு அளப்பது? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக் களஞ்சியம் வந்தது, கணக்குப்பிள்ளை வந்தார், அதிகாரி வந்தார், காவல் வந்தது, எழுத்தும் வந்தது. வரலாற்று ஆசிரியர்கள் நாகரிகம் என்று சொல்வது இந்த ஏற்பாடு முழுவதையும்தான்.

சேறும் நாணலும் மட்டுமே இருந்த ஊர்

டைகிரிஸ், யூப்ரடீஸ் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் நிலத்துக்குக் கிரேக்கர்கள் மெசபடோமியா என்று பெயர் வைத்தார்கள். 'ஆறுகளுக்கு இடையே' என்று பொருள். அதன் தென்கோடிதான் சுமேர். ஆண்டு முழுவதும் சேர்த்து 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத இடம் அது. மானாவாரி விவசாயம் அங்கே நடக்காது. ஆற்றில் வெள்ளம் வரும், ஆனால் வேளை கெட்ட வேளையில் வரும். வடக்கு மலைகளில் பனி உருகி வசந்த காலத்தில் தண்ணீர் பொங்கும்போது வயலில் கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும். எகிப்தின் நைல் நதி அறுவடை முடிந்த பிறகு பெருகி, நிலத்தை நனைத்துவிட்டு வடிந்துவிடும். சுமேரியருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெள்ளத்தைக் கரை கட்டித் தடுக்க வேண்டும். விதைக்கும் பருவத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை இல்லை இது.

இன்னொரு குறையும் உண்டு. அந்த மண்ணில் கல் கிடையாது, உலோகம் கிடையாது, உத்தரத்துக்கு ஆகிற நல்ல மரமும் கிடையாது. இருந்ததெல்லாம் களிமண், நாணல், பேரீச்சை. இவற்றை வைத்துக்கொண்டே அவர்கள் ஊர் எழுப்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. வீடு களிமண் செங்கல், கோயில் களிமண் செங்கல், பானை களிமண். அறுவடைக்கான அரிவாளைக்கூடத் தொடக்கத்தில் சுட்ட களிமண்ணில் செய்தார்கள். எழுதும் பலகை களிமண், எழுத்தாணி நாணல்.

இப்படி எழுந்த ஊர்களில் முதல் பெரிய நகரம் உருக். கி.மு. 3000 வாக்கில் அங்கே ஏறத்தாழ 40,000 பேர் வாழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதுவரை உலகம் கண்ட ஊர்கள் பெரும்பாலும் சில நூறு அல்லது சில ஆயிரம் பேர் வாழ்ந்தவைதான்.

கிண்ணத்திலிருந்து எழுத்துக்கு

உருக்கைத் தோண்டியபோது ஒரே மாதிரியான மண் கிண்ணங்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. விளிம்பு சாய்வாக வெட்டப்பட்ட, அழகே இல்லாத, சொரசொரப்பான கிண்ணம். அச்சில் களிமண்ணை அழுத்தி அவசரமாகச் செய்தது. வேலையாட்களுக்கு உணவு அளக்க இவை பயன்பட்டிருக்கலாம் என்பது பரவலான கருத்து.

இந்தக் கிண்ணத்தின் வடிவம் எழுத்திலும் வருகிறது. உருக்கின் மிகப் பழைய பலகைகளில், கி.மு. 3300 முதல் 3000 வரையிலான காலத்தில், உணவைக் குறிக்கும் அடையாளம் இதே போன்ற சாய்ந்த கிண்ணம்தான். ஒரு தலையை வரைந்து அதன் வாய்ப்பக்கம் கிண்ணத்தைச் சேர்த்தால் 'உண்' என்று பொருள். அதே அடையாளம் வேலையாளுக்குக் கொடுத்த உணவுப் பங்கையும் குறித்தது. மனிதன் எழுதத் தொடங்கியபோது முதலில் எழுதிய விஷயங்களில் சோறு போட்ட கணக்கும் ஒன்று!

எழுத்துக்கும் முன்னால் ஒரு படி இருந்தது. கூம்பு, உருண்டை, வட்டு என்று சின்னச் சின்னக் களிமண் காய்களை வைத்து ஆட்டையும் தானியத்தையும் எண்ணினார்கள். காய்களை ஒரு களிமண் உருண்டைக்குள் போட்டு மூடி, மேலே முத்திரை பதிப்பார்கள். உள்ளே எத்தனை இருக்கிறது என்று பார்க்க உடைக்க வேண்டுமே, அதனால் மூடும் முன்பே காயின் தடத்தை வெளியே அழுத்தி வைத்தார்கள். வெளியே தடம் இருந்தால் உள்ளே காய் எதற்கு? தட்டையான ஒரு பலகையில் தடத்தை மட்டும் பதித்தால் போதுமே. எழுத்து இப்படி வந்தது என்ற விளக்கத்தை டெனிஸ் ஷ்மாண்ட்-பெஸ்ஸரா என்ற ஆய்வாளர் முன்வைத்தார். ஒவ்வொரு படியையும் எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் கணக்கிலிருந்துதான் இந்த எழுத்து வந்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உருக்கில் கிடைத்த ஏறத்தாழ 5000 தொடக்ககாலப் பலகைகளிலும் துண்டுகளிலும் மிகப் பெரும்பாலானவை வரவு செலவுதான். கதை இல்லை, பாட்டு இல்லை, அரசன் புகழ் இல்லை.

அவற்றில் புகழ்பெற்ற ஒரு பலகையில் 29,086 அளவு பார்லி, 37 மாதங்கள், குஷிம் என்று மட்டும் இருக்கிறது. குஷிம் என்பது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆளின் பெயர்தான் என்றால், எழுத்தில் பதிவான மிகப் பழைய மனிதப் பெயர்களில் ஒன்று தானியக் கணக்கு எழுதிய ஒருவருடையது.

சரி, ஆட்டையும் பானையையும் வரைந்துவிடலாம். 'உயிர்' என்று எப்படி வரைவது? இங்கேதான் அந்தப் பெரிய பாய்ச்சல் நடந்தது. தமிழில் ஓர் உதாரணம் பாருங்கள். பொழுது சாயும் 'மாலை'யைப் படமாக வரைவது கடினம். பூமாலையை வரைந்து 'மாலை' என்று படிக்கச் சொன்னால் வேலை முடிந்தது. பொருளை விட்டு ஒலியைப் பிடிப்பது என்பது இதுதான். சுமேரிய மொழியில் அம்புக்கு 'தி' என்று பெயர். உயிரைக் குறிக்கும் சொல்லும் அதே ஒலியில் தொடங்கும். அம்பை வரைந்து உயிர் என்று படித்தார்கள். ஒலியை எழுத முடிந்த பிறகு ஆட்களின் பெயரை எழுதலாம், வினைச்சொல்லை எழுதலாம், சண்டையை எழுதலாம், சாமிக்குப் பாட்டு எழுதலாம்.

சிந்துவெளி முத்திரைகளில் வரும் மீன் உருவம் விண்மீனைக் குறிக்கலாம், அதாவது அடியில் இருப்பது திராவிட மொழியாக இருக்கலாம் என்று அஸ்கோ பர்போலா போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டதும் இதே முறையை வைத்துத்தான். சிந்துவெளி எழுத்து இன்றுவரை உறுதியாகப் படிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுமேரிய மொழியும் தமிழைப் போலச் சொல்லோடு ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் மொழிதான். அந்த ஒற்றுமையை வைத்து இரண்டும் ஒரே மொழி என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். துருக்கி மொழியும் அப்படித்தான், ஜப்பானிய மொழியும் அப்படித்தான். சுமேரியத்துக்கு உறவான மொழி எதுவும் நிறுவப்படவில்லை. நம் மொழியின் பழமைக்கு இந்த இரவல் பெருமை தேவையே இல்லை.

நாளடைவில் படம் வரைவதை விட்டுவிட்டு, வெட்டிய நாணல் முனையை மண்ணில் அழுத்தத் தொடங்கினார்கள். ஒவ்வோர் அழுத்தமும் ஓர் ஆப்பு வடிவில் பதியும். ஆப்பெழுத்து என்ற பெயர் அதனால் வந்தது.

படியளப்பும் பந்தியும்

கி.மு. 2100 வாக்கில் ஊர் என்ற நகரத்தை ஆண்ட அரச மரபின் காலத்துப் பலகைகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு அருகில் கிடைத்திருக்கின்றன. (நகரத்தின் பெயரே 'ஊர்'தான், தமிழ்ச் சொல்லோடு ஒலி ஒத்துப்போவதோடு சரி.) அரசு வேலையில் இருந்த ஆணுக்கு மாதம் 60 சிலா பார்லி, பெண்ணுக்கு 30 முதல் 40 சிலா, குழந்தைகளுக்கு வயதைப் பொறுத்து 10, 15, 20 சிலா. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லிட்டர். இதோடு எண்ணெயும் கம்பளியும் கொடுத்தார்கள். நாணயம் இன்னும் பிறக்கவில்லை. பெரிய விலைகளை வெள்ளியின் எடையில் கணக்கிட்டார்கள், கூலியைத் தானியத்தில் அளந்தார்கள். 'படியளக்கிறவன்' என்ற நம் சொல்லின் முழு எடையும் அந்தப் பட்டியல்களைப் பார்க்கும்போது புரிகிறது.

பட்டியலில் இன்னொன்றும் தெரிகிறது. நெசவுக் கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் குழந்தைகளோடு வேலை பார்த்தார்கள், கூலியோ ஆணுடையதில் பாதிக்குப் பக்கம். அடிமைப் பெண்ணைக் குறிக்கும் எழுத்தில் பெண் அடையாளத்தோடு மலை அடையாளம் சேர்ந்திருக்கும். மலைநாடு என்றால் அயல்நாடு. எங்கிருந்தோ பிடித்துவரப்பட்டவள் என்பதை அந்த ஓர் எழுத்தே சொல்லிவிடுகிறது. சுமேரியரின் சாதனைகளைப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அதே நாட்டில் பெண்கள் சொத்து வைத்திருந்தார்கள், மதுக்கடை நடத்தினார்கள். சுமேருக்கு வடக்கே இருந்த அக்காடு நாட்டின் அரசர் சார்கோனின் மகள் என்ஹெடுவன்னா, கி.மு. 2300 வாக்கில் ஊர் நகரத்து நிலாக்கடவுள் கோயிலின் தலைமைப் பூசாரியாக இருந்தார். இனன்னா தேவியைப் பற்றி அவர் பெயரில் பாடல்கள் வழங்குகின்றன. உலகில் பெயர் தெரிந்த முதல் எழுத்தாளர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

சாப்பாடு என்றால் பார்லி ரொட்டி, வெங்காயம், பூண்டு, சதுப்பு நிலத்து மீன், பேரீச்சம்பழம். குடிக்கப் பார்லி பியர். பெரிய ஜாடியைச் சுற்றி உட்கார்ந்து நீண்ட நாணல் குழாயால் உறிஞ்சுவதை முத்திரைகளில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சமையலுக்கு நல்லெண்ணெய். எள் சிந்துவெளிப் பக்கத்திலிருந்து அங்கே போனது. நல்லெண்ணெய்க்கு அக்காடிய மொழியில் வழங்கிய 'எல்லு' என்ற சொல் நம் 'எள்'ளோடு தொடர்புடையது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அக்காடியத்தில் அந்தச் சொல்லுக்குத் தூய்மை என்ற பொருளும் உண்டு என்பதால் விவாதம் முடியவில்லை.

சிந்துவெளியோடு இருந்த தொடர்பில் மட்டும் சந்தேகமே இல்லை. சுமேரியரும் அக்காடியரும் 'மெலுஹா' என்று சொன்ன நாடு சிந்துவெளிதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். மெலுஹாவின் கப்பல்கள் தன் தலைநகரத் துறையில் நின்றதாகச் சார்கோன் பெருமையாகப் பொறித்து வைத்தார். ஊர் நகரத்து அரச கல்லறைகளில் சிந்துவெளிச் சூதுபவழ மணிகள் கிடைத்தன. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன உருளை முத்திரை இருக்கிறது. அதன் சொந்தக்காரர் ஷு-இலிஷு, மெலுஹா மொழியின் மொழிபெயர்ப்பாளர். நம்மால் இன்னும் படிக்க முடியாத அந்த மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொண்ட ஒருவரின் பெயர் நமக்குத் தெரியும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

அறுபதும் பிரம்பும்

ஒரு மணிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 நொடி, வட்டத்துக்கு 360 பாகை. இதெல்லாம் சுமேரியர் கணக்கின் மிச்சம். நாம் பத்துப் பத்தாக எண்ணுவதைப் போல அவர்கள் அறுபது அறுபதாக எண்ணினார்கள். பங்கு பிரிப்பவருக்கு 60 வசதியான எண். 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 என்று இத்தனை பேருக்கு மீதியில்லாமல் பிரிக்கலாம். நூறை மூன்று பேருக்குப் பிரித்துப் பாருங்கள், அருமை தெரியும்.

இந்த முறை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரு சின்னப் பலகை சாட்சி. கி.மு. 1800க்கும் 1600க்கும் இடைப்பட்டது. சதுரம் வரைந்து மூலைவிட்டம் போட்டு, அதன்மேல் 1, 24, 51, 10 என்று எழுதியிருக்கிறார்கள். முதல் எண்ணை முழு எண்ணாகவும், அடுத்தவற்றை அறுபதில் பங்கு, அதில் அறுபதில் பங்கு என்றும் வைத்துக் கூட்டினால் 1.41421296 வரும். இரண்டின் வர்க்கமூலம் 1.41421356. புள்ளிக்குப் பின் ஐந்து இடம் வரை சரி! பள்ளி மாணவர் ஒருவரின் பயிற்சிப் பலகை அது என்பது பொதுவான கருத்து.

பள்ளிக்கு 'எடுப்பா' என்று பெயர், பலகை வீடு என்று பொருள். நிப்பூர் என்ற சுமேரிய நகரத்தில் 1950களின் தொடக்கத்தில் தோண்டிய ஒரு சாதாரண வீட்டுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயிற்சிப் பலகைகள் கிடைத்தன. ஆசிரியர் ஒரு பக்கம் எழுதிக் காட்டுவார், மாணவர் அதைப் பார்த்து எழுதுவார். தப்பானால் மண்ணைப் பிசைந்து மறுபடி முதலிலிருந்து. மாணவர்கள் பாடமாகப் படித்த ஒரு கதையில், ஒரு பையன் தாமதமாக வந்ததற்கு அடி, பேசியதற்கு அடி, கையெழுத்து நன்றாக இல்லாததற்கு அடி என்று நாள் முழுக்கப் பிரம்படி வாங்குகிறான். வீட்டுக்கு வந்து, வாத்தியாரை விருந்துக்கு அழையுங்கள் அப்பா என்கிறான். அப்பா அழைத்து, நல்ல இடத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, புது உடையும் மோதிரமும் கொடுத்தனுப்புகிறார். வாத்தியார் குளிர்ந்துபோய்ப் பையனை வாழ்த்துகிறார். இந்தக் கதையைப் படிக்கும்போது நான்காயிரம் ஆண்டு இடைவெளி எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

மண்ணில் பதிந்த குரல்கள்

கி.மு. 2000க்குப் பிறகு பேச்சில் சுமேரிய மொழி மறைந்து, அக்காடியம் அந்த இடத்தைப் பிடித்தது. எழுத்தும் பழக்கமும் தொடர்ந்தன. கடன் பத்திரம் எழுதினால் அதைச் சுற்றிக் களிமண்ணாலேயே ஓர் உறை போடுவார்கள். உறையின் மேலும் அதே வாசகத்தை எழுதி, சாட்சிகள் முத்திரையை உருட்டுவார்கள். யாராவது எண்ணைத் திருத்திவிட்டார்கள் என்று வழக்கு வந்தால், நீதிபதி முன்னால் உறையை உடைத்து உள்ளே இருப்பதைப் படிக்கலாம்.

பாபிலோன் அரசர் ஹம்முராபி (கி.மு. 1792–1750) கல்லில் பொறித்த சட்டம் இதற்கெல்லாம் பின்னால் வந்தது. கட்டிய வீடு இடிந்து உரிமையாளர் செத்தால் கட்டியவருக்கு மரண தண்டனை. கண்ணுக்குக் கண் என்ற விதி சம அந்தஸ்து உள்ளவர்களுக்கு மட்டும்தான். அந்தஸ்தில் குறைந்தவரின் கண் போனால் ஒரு மினா (ஏறத்தாழ அரைக் கிலோ) வெள்ளி, அடிமையின் கண் போனால் அவர் விலையில் பாதி. ஹம்முராபிக்கு முந்நூறு ஆண்டுக்கும் முன்னால், ஊர் நகரத்து அரசர் ஊர்-நம்முவின் சட்டம் உடலுக்கு ஏற்பட்ட காயங்களுக்கு வெள்ளியில் அபராதம் விதித்தது. எனக்கு அந்தப் பழைய சட்டம்தான் மேலானதாகத் தோன்றுகிறது.

அப்புறம் கடிதங்கள். ஊர் நகரத்தில் எஆ-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு, கி.மு. 1750 வாக்கில் நன்னி என்பவர் எழுதியது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் பலகை, இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. நல்ல செம்பு தருவதாகச் சொல்லிவிட்டு மட்டமானதை நீட்டினாய். நான் அனுப்பிய ஆளை எதிரி நாடு வழியாக வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாய். என்னை யாரென்று நினைத்தாய் என்று பொரிந்து தள்ளுகிறார். இனி என் முற்றத்தில் வைத்து நானே பொறுக்கி எடுத்துத்தான் வாங்குவேன் என்று முடிக்கிறார்.

அதே காலத்தில் இத்தின்-சின் என்ற பையன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். அம்மா ஜினூவுக்கு எழுதுகிறான். இங்கே மற்றப் பையன்களின் உடை ஆண்டுக்கு ஆண்டு நன்றாகிறது, என் உடைதான் மோசமாகிறது. நம் வீட்டில் கம்பளி ரொட்டி போலக் குவிந்து கிடக்கும்போது எனக்கு இப்படி. அப்பாவிடம் வேலை பார்ப்பவரின் மகனுக்கு இரண்டு புது உடை, எனக்கு ஒன்றுக்கே பாடு. அவன் தத்துப்பிள்ளை, நான் நீ பெற்ற பிள்ளை. ஆனால் அவன் அம்மா அவனிடம் அன்பாக இருக்கிறாள், நீ என்னிடம் அப்படி இல்லை.

ஆப்பெழுத்து 3000 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, கி.பி. முதல் நூற்றாண்டில் வானியல் குறிப்புகளோடு நின்றுபோனது. அதன் பிறகு பல நூற்றாண்டுகள் அதைப் படிக்க ஒருவர்கூட இல்லை. 19ஆம் நூற்றாண்டில் சிலர் அக்காடியத்தைப் படித்துவிட்டதாகச் சொன்னபோது உலகம் நம்பவில்லை. 1857இல் லண்டன் ராயல் ஆசியக் கழகம் ஒரு சோதனை வைத்தது. புதிதாகக் கிடைத்த ஒரே ஆப்பெழுத்து வாசகத்தை ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஓப்பர்ட் என்ற நான்கு பேரும் தனித்தனியாக மொழிபெயர்த்து, முத்திரையிட்ட உறைகளில் கொடுத்தார்கள். உறைகளைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது நான்கும் முக்கியமான இடங்களிலெல்லாம் ஒத்துப்போயின. குஷிமின் பார்லியும், நன்னியின் கோபமும், அம்மாவிடம் அந்தப் பையன் பட்ட மனத்தாங்கலும் நம்மிடம் வந்து சேர வழி திறந்தது அன்றைக்குத்தான்.